உலக வீரர்களின் ஊர்

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடைபெறும் காலங்களில் நம் வீடுகளில் உறக்கம் குறைந்துவிடுகிறது. எந்த நாடு வெல்லும், எந்த நாடு வீழும் என்ற வாதம் உணவு வேளையிலும் ஓய்வதில்லை. இக்கிண்ணத்துக்கான முதற் போட்டி 1930ஆம் ஆண்டில் உருகுவே நாட்டில் நடந்ததென்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால், அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்னரே, தான் உலகத்தை வென்றுவிட்டதாக ஒரு சிற்றூர் பலகை எழுதி மாட்டியிருந்தது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அவ்வூரின் கதையையும், அதனை அப்பெருமைக்கு ஏற்றிவிட்ட பழைய எல்லைப் போட்டிகளின் கதையையும் நாம் நெடுநாளாக விரும்பிப் படித்து வருகிறோம். வெற்றி தோல்விக் கணக்குக்காக அன்று; ஊர், நாடு, உழைப்பு என்பவற்றைப் பற்றி அக்கதை எழுப்பும் எண்ணங்களுக்காக.

ஊரின் பெயர் றென்டன். ஸ்கொட்லாந்தின் மேற்குப் பகுதியில், லோமண்ட் ஏரியிலிருந்து புறப்பட்டுக் கிளைட் நதியிற் கலக்கும் லெவன் ஆற்றின் கரையில் இருப்பது. அந்த ஆற்றின் தெளிந்த நீரை நம்பி அங்கே சாயத் தொழிற்சாலைகள் எழுந்தன. ‘துருக்கிச் சிவப்பு’ என்ற மங்காத செஞ்சாயம் தோய்த்த துணியும் நூலும் அங்கிருந்து கப்பலேறி இந்தியா முதலிய கீழைத் தேசங்களுக்கு வந்தன. மயிலும் யானையும் போன்ற, நம் பக்கத்து மக்கள் கண்டு மகிழத்தக்க ஓவியங்களும் கோலங்களும் அச்சாரங்களில் இடம்பெற்றன. அச்செந்துணியை வாங்கிய நம் முன்னோர் எவரும் அது தோய்ந்த ஊரில் எப்படிப் பந்து விளையாடினார்கள் என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

அவர்களோ மிக நன்றாக விளையாடினார்கள். ஸ்கொட்லாந்துக் கிண்ணத்தை லெவன் பள்ளத்தாக்கின் பெயரையே தாங்கிய கழகம் 1877, 1878, 1879 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றது. பக்கத்து நகரான டம்பாட்டன் 1883இல் வென்றது. றென்டன் 1885இல் வென்றது; 1888இல் கேம்பஸ்லாங் கழகத்தை இறுதியாட்டத்தில் 6-1 என்று சிதறடித்து மீண்டும் வென்றது. சில மைல் தூரத்துக்குள் அடங்கிய மூன்று ஊர்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் ஆறு கிண்ணங்கள்! றென்டன் வீரர்களின் வலிமைக்குக் காரணம் அவர்கள் அருந்திய ‘கோழி ரசம்’ என்றொரு பேச்சும் அக்காலத்தில் உலாவியது. உண்மையில் அதிற் கோழி இல்லை, போட் வைனிற் பச்சை முட்டையை அடித்துக் கலந்த பானமே அது என்பர். தம் பிள்ளைகளுக்குப் பச்சை முட்டை கொடுத்து வளர்த்த தாய்மார் இதைக் கேட்டு மகிழலாம். வைனைப் பற்றி நாம் ஒன்றும் கூறப்போவதில்லை.

இனி, எல்லைப் போட்டி என்ற ஒன்று ஏன் வேண்டியதாயிற்று என்பதைச் சொல்லவேண்டும். 1872 நவம்பர் 30ஆம் நாள் கிளாஸ்கோவில் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் முதன்முதலாகச் சந்தித்து, ஒரு கோலும் இன்றிச் சமமாகப் பிரிந்தன. ஸ்கொட்லாந்துக்காக ஆடிய பதினொருவரும் குயீன்ஸ் பார்க் என்ற ஒரே கழகத்தவர். தனியொருவர் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவதே ஆட்டமென்று இங்கிலாந்தில் எண்ணியிருந்த காலத்தில், ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து வாங்கி முன்னேறும் முறையை வளர்த்தெடுத்தவர்கள் இவர்களே. அதே கழகம் அதே ஆண்டில் இங்கிலாந்துக் கிண்ணத்தின் அரையிறுதி வரை சென்று, இலண்டனில் வாண்டரேர்ஸ் கழகத்தோடு சமமாக ஆடியபின், மறு ஆட்டத்துக்காக அங்கே தங்கப் பணமின்றி விலகிக்கொண்டது. அக்காலத்தில் ஸ்கொட்லாந்துக் கழகங்களும் இங்கிலாந்துக் கிண்ணத்திற் சேர்ந்து ஆடலாம். 1884, 1885 ஆண்டுகளில் குயீன்ஸ் பார்க் இறுதியாட்டத்துக்கே சென்று, இரு முறையும் பிளாக்பேண் றோவர்ஸிடம் தோற்றது.

ஆனால் 1887இல் ஸ்கொட்லாந்துச் சங்கம் கதவை அடைத்தது. தன் கழகங்கள் வேற்று நாட்டுச் சங்கத்தின் போட்டிகளிற் சேரலாகாது என்று விதித்தது. இதற்குப் பின்னால் இருந்தது பணத்தின் சிக்கலே. இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டு முதல் வீரர்கள் கூலி வாங்கி ஆடுவது சட்டப்படி ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ஸ்கொட்லாந்திலோ 1893 வரை அது குற்றம். ஒரு பக்கம் பணப்பை திறந்திருந்தது. மறு பக்கம் மானம் காவல் நின்றது. இவ்வாறு பொதுவான போட்டி இல்லாமற் போனபோது, இரு நாடுகளிலும் எந்தக் கழகம் பெரியது என்ற கேள்விக்கு விடை கூற எவரும் இல்லை. ஆகவே கிண்ணம் வென்ற கழகங்கள் தாமே நாள் குறித்து மோதிக்கொண்டன.

அப்படியொரு மோதல் 1888 மே 19ஆம் நாள் கிளாஸ்கோவின் ஹம்டன் பார்க்கில் நடந்தது. ஒரு பக்கம் றென்டன். மறு பக்கம் இங்கிலாந்துக் கிண்ணத்தை அவ்வாண்டு கைப்பற்றிய வெஸ்ட் புறோமிச் அல்பியன். இந்த அல்பியன் கழகமும் இலேசானதன்று. இறுதியாட்டத்தில் அது எதிர்கொண்ட பிறெஸ்டன் கழகம், வெற்றியில் அத்தனை நம்பிக்கை கொண்டு, ஆடை அழுக்காகுமுன்பே கிண்ணத்தோடு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதாம். முதலில் அதை வென்று வந்தாலென்ன என்று மத்தியஸ்தர் கேட்டாராம். அந்தப் பிறெஸ்டனை 2-1 என்று வீழ்த்திவிட்டு வந்தவர்கள் அல்பியன் வீரர்கள். ஆனால் ஹம்டனில் கொட்டிய மழையில் அவர்களாற் சாயப்பட்டறை ஊரின் முன் நிற்க முடியவில்லை. றென்டன் 4-1 என்று வென்றது. ஊர் திரும்பியதும் தன் ஆட்டக் கொட்டகையில் ‘உலக வீரர்’ என்று பலகை எழுதி மாட்டிற்று.

இதை நாம் சொன்னபோது எம் மருமகன் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். “இரண்டு நாடுகள் ஆடினால் அது உலகமா, மாமா? தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொள்வதா?” என்று கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் உண்டு. அயர்லாந்திலும் வேல்ஸிலும் சங்கங்கள் இருந்தன. அவற்றையும் இவர்கள் அழைக்கவில்லை. சர்வதேசச் சம்மேளனம் தோன்றியதே 1904இல். எனினும், அக்காலத்தில் இவ்விளையாட்டு இத்தனை உயர்ந்த தரத்தில் ஆடப்பட்ட வேறு தேசம் இருந்ததா என்று தேடினால் விடை எளிதிற் கிடையாது. பட்டம் கொடுக்க ஒருவரும் இல்லாத காலத்தில், முன்னால் நின்றவனை வென்றவன் அதைத் தானே எடுத்துக்கொண்டான். அயலூர்க் கழகத்தை வென்றுவிட்டு ஊர்க்கோடியில் நின்று ஆர்ப்பரித்த அனுபவம் உள்ளவர்கள் அந்தப் பலகையைக் கண்டு நகைக்கமாட்டார்கள். தங்கள் துணி உலகமெங்கும் போய்ச் சேர்வதை அறிந்த தொழிலாளரின் ஊர் அது. தங்கள் பெயரும் அவ்வாறே போகட்டும் என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதிற் பிழை என்ன?

ஆனால் அந்தப் பலகையின் வர்ணம் மங்கு முன்பே ஆட்கள் போய்விட்டார்கள். அதே 1888இல், கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதி ஏழைகளுக்கு உணவளிக்க நிதி திரட்டும் நோக்குடன் முந்திய ஆண்டில் நிறுவப்பட்ட செல்ட்டிக் என்ற புதிய கழகம், றென்டனின் நடு ஆட்டக்காரர் ஜேம்ஸ் கெலியைத் தன்பால் இழுத்துக்கொண்டது. இன்னொரு றென்டன் வீரர் மக்கலம், செல்ட்டிக் ஆடிய முதல் ஆட்டத்தில் அக்கழகத்தின் முதற் கோலை அடித்தார். ஹம்டனில் நடந்த வெற்றிக்கும் இவ்வாட்டத்துக்கும் இடையே இருந்தவை ஒன்பது நாட்கள் மாத்திரமே. கெலி பிற்காலத்தில் அக்கழகத்தின் தலைவராகவே உயர்ந்தார். மற்றும் பலர் தெற்கே சென்றனர். சட்டப்படி ஒருவருக்கும் கூலி இல்லாத நாட்டில் இவையெல்லாம் எங்ஙனம் நடந்தன என்று நாம் விவரிக்க வேண்டியதில்லை. பெற்ற பிள்ளை நல்ல சம்பளம் தேடிப் போகும்போது வீட்டார் என்ன சொல்ல முடியும்? கெலியைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. ஆயினும் றென்டனுக்காக வருந்தாமலும் இருக்க முடியவில்லை.

இந்த ஓட்டம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 1895 ஏப்ரல் 27ஆம் நாள் நடந்த ஆட்டம் காட்டிற்று. இப்போது இரு நாடுகளிலும் லீக் போட்டிகள் ஏற்பட்டுவிட்டன. இங்கிலாந்து லீக்கை 1888இல் தொடக்கிவைத்த வில்லியம் மக்கிறெகர் என்பாரும் ஒரு ஸ்கொட்லாந்துக்காரரே என்பது ஒரு வேடிக்கை. இங்கிலாந்தின் லீக் வீரரான சண்டர்லாந்து, எடின்பரோ நகரின் டைன்காசில் மைதானத்துக்குச் சென்று, ஸ்கொட்லாந்தின் லீக் வீரரான ஹார்ட்ஸ் கழகத்தை 5-3 என்று வென்றது. உலக வீரர் என்ற பட்டம் இம்முறை இங்கிலாந்துக்குப் போயிற்று என்றார்கள். ஆனால் சண்டர்லாந்தின் சட்டை அணிந்து ஆடியவர்கள் யார்? பதினொருவரும் ஸ்கொட்லாந்துக்காரர் என்று இவ்வாட்டத்தைப் பற்றி எழுதுவோர் குறிப்பிடுகின்றனர். அப்படியானால் ஸ்கொட்லாந்தை வென்றது யார்? ஹார்ட்ஸ் ரசிகர்கள் அன்று வீடு திரும்பும்போது அழுதார்களா, உள்ளூரப் பெருமைப்பட்டார்களா என்று அறிய நமக்கு ஆசை உண்டு. கழகத்தின் முகவரி ஓரிடத்திலும், ஆடுபவரின் தாய்மண் வேறோரிடத்திலும் இருப்பதை இன்று நாம் தொலைக்காட்சியில் வாரந்தோறும் காண்கிறோம். அது நமக்கு வியப்பூட்டுவதில்லை. அன்று அது புதிது.

இன்னொரு போட்டியும் உண்டு; அதன் தோற்றம் துயரமானது. 1902 ஏப்ரல் 5ஆம் நாள், கிளாஸ்கோவின் ஐப்றொக்ஸ் மைதானத்தில் இரு நாடுகளும் ஆடிக்கொண்டிருக்கையில், புதிதாக எழுப்பிய பார்வையாளர் மேடையின் மரத்தளம் ஓரிடத்தில் உடைந்தது. நின்றிருந்தோர் அந்த ஓட்டை வழியே கீழே விழுந்தனர். இருபத்தைந்து பேர் உயிரிழந்தனர்; ஐந்நூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். கலவரம் ஏற்படுமென்று அஞ்சி ஆட்டத்தை நிறுத்தாமல் முடித்தார்கள் என்பதை வாசிக்கையில் மனம் நடுங்குகிறது.

பாதிக்கப்பட்டோருக்கு நிதி சேர்ப்பதற்காக றேஞ்சேர்ஸ் கழகம், தான் முந்திய ஆண்டு கிளாஸ்கோக் கண்காட்சிப் போட்டியில் வென்ற கிண்ணத்தைப் பரிசாக முன்வைத்தது. இரு நாடுகளின் லீக்குகளிலும் முதலிரு இடங்கள் பெற்ற நான்கு கழகங்களும் அழைக்கப்பட்டன: இங்கிலாந்திலிருந்து சண்டர்லாந்தும் எவர்ட்டனும், ஸ்கொட்லாந்திலிருந்து றேஞ்சேர்ஸும் செல்ட்டிக்கும். செல்ட்டிக் 5-1 என்று சண்டர்லாந்தை வீட்டுக்கு அனுப்பியது. எவர்ட்டனும் றேஞ்சேர்ஸிடம் தோற்றது. எல்லையைத் தாண்டி நடத்த நினைத்த போட்டி, கடைசியில் ஒரே நகரத்தின் இரு கழகங்களிடம் வந்து நின்றது. ஜூன் 17ஆம் நாள் மேலதிக நேரத்தில் செல்ட்டிக் 3-2 என்று வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் குறோய் என்ற சுரங்க ஊரைச் சேர்ந்த ஜிம்மி குவின். இவரும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவரே.

கொடுத்த கிண்ணத்தைத் திருப்பித் தருவார்கள் என்று றேஞ்சேர்ஸ் எதிர்பார்த்ததாகவும், செல்ட்டிக் மறுத்துவிட்டதாகவும் சொல்வர். தருமத்துக்கு வைத்த பொருளைத் திரும்பக் கேட்கலாமா என்றும், வென்றவர்கள் கொஞ்சம் பெருந்தன்மை காட்டியிருக்கலாமே என்றும் இரு பக்கமும் வாதாடலாம். எமக்கோ இரு கட்சியிலும் சேர விருப்பமில்லை. ‘றேஞ்சேர்ஸ் வென்றது’ என்ற எழுத்துப் பொறித்த கிண்ணம் செல்ட்டிக்கின் காட்சிப் பெட்டியில் இருக்கிறது.

றென்டன் என்னவாயிற்று? 1890இல் ஸ்கொட்லாந்து லீக்கைத் தோற்றுவித்த கழகங்களில் அதுவும் ஒன்று. ஐந்து ஆட்டங்கள் ஆடியபின் அது வெளியேற்றப்பட்டது. இரகசியமாகக் கூலி கொடுத்ததற்காகத் தடைசெய்யப்பட்டிருந்த எடின்பரோக் கழகமொன்று வேறு பெயரில் ஆடியபோது, அதனுடன் ஆடியது என்பதே குற்றம். வழக்குத் தொடுத்து வென்று, மறு ஆண்டு மீண்டது. ஆனால் இழந்த வீரர்களை வழக்குத் தொடுத்து மீட்க முடியுமா? பெரிய நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் வாயிற்காசு கொடுத்துப் பார்க்க, சாயப்பட்டறை ஊரில் அத்தனை பேர் குடியிருக்கவேயில்லை. 1897இல் லீக்கை விட்டு விலகியது. 1922இல் கழகமே கலைந்தது.

லெவன் ஆறு இன்றும் றென்டனை ஒட்டியே ஓடுகிறது. அதில் இப்போது செஞ்சாயம் கலப்பதில்லை.