அணைப்பதற்கு முன்

2017 மே மாதம் வான்னக்ரை என்ற ரான்சம்வேர் உலகத்தைச் சுற்றி வந்தபோது பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில்கூடக் கணினித் திரைகள் சிவப்பாகி, கோப்புகளைத் திறக்கப் பணம் கேட்டன. அடுத்த சில நாட்களில் அட்ரியன் கினே என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஒன்றைக் கவனித்தார். பூட்டுச் சாவியை உருவாக்கப் பயன்பட்ட பகா எண்களை, அந்த மால்வேர் வேலையை முடித்த பிறகும் விண்டோஸ் எக்ஸ்பி தன் ரேமில் அழிக்காமலே வைத்திருந்தது. அவற்றைத் தேடி எடுக்க அவர் வான்னகீ என்ற கருவியை எழுதினார். பெஞ்சமின் டெல்பி என்ற இன்னொருவர் அந்த வழியிலேயே போய் வானகிவியை எழுத, விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களுக்கும் வழி பிறந்தது. கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டியிருந்தது என்றாலும் நிபந்தனை ஒன்றுதான்: தொற்றிய பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்திருக்கக் கூடாது. பயத்தில் பவர் பட்டனை அழுத்தியவர்கள் தங்கள் சாவியைத் தாங்களே தொலைத்துவிட்டார்கள்.

சர்வர் அறைகளிலேயே தலை நரைத்தவன் நான். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் சொல்கிறேன். "சார், சர்வர்ல யாரோ புகுந்திருக்காங்க போல, ரீபூட் பண்ணிடட்டுமா?" என்று போன் வரும். கேட்கும் பிள்ளையின் பின்னால் மேலாளர் நிற்பார், அவருக்குப் பின்னால் வாடிக்கையாளர். எதையாவது செய்துகொண்டிருப்பதாகக் காட்டியாக வேண்டிய நெருக்கடி அது. திருட்டுப் போன வீட்டில் போலீஸ் வருவதற்குள் தரையைக் கழுவிவிடுவது மாதிரிதான் அந்த ரீபூட். வீடு சுத்தமாகிவிடும்; வந்தவன் எந்த வழியாக வந்தான், எதைத் தொட்டான் என்பது போய்விடும்.

ரேமில் அப்படி என்ன இருக்கிறது? ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ப்ராசஸும், வெளியே யாருடன் பேசிக்கொண்டிருக்கிறது என்ற விவரமும், சாவிகளும், ஒளிந்திருக்கும் கெர்னல் மாட்யூல்களும் அங்கேதான் இருக்கின்றன. புகுந்தவர் பாஷ் ஷெல்லில் தட்டிய கட்டளைகளை டிஸ்கில் பதியவிடாமல் தடுத்திருந்தாலும், அந்த ஷெல் உயிரோடு இருக்கும்வரை அவை நினைவகத்தில் நேரத்தோடு கிடக்கும். லினக்ஸில் ஒரு புரோகிராம் தன் கோப்பை அழித்துவிட்டுத் தொடர்ந்து ஓட முடியும். 2014-இல் வந்த 3.17 கெர்னலுக்குப் பிறகு டிஸ்கையே தொடாமல் நினைவகத்திலிருந்தே ஒன்றை ஓட்டும் வசதியும் வந்துவிட்டது. 2003-இல் இணையத்தையே திணறடித்த ஸ்லாமர் புழு வெறும் 376 பைட். அது டிஸ்கில் எதையும் எழுதவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் மறையும், ஓட்டை அடைபடாததால் சற்று நேரத்தில் திரும்ப வரும். 2015-இல் காஸ்பர்ஸ்கை நிறுவனத்துக்குள்ளேயே நுழைந்த டூக்கு 2.0-வும் பெரும்பாலும் நினைவகத்திலேயே வாழ்ந்தது. ஆன்டிவைரஸ் செய்பவர்களின் வீட்டிலேயே அது நடந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

முதலில் அழியக்கூடியதை முதலில் எடு என்ற விதி 2002 பிப்ரவரியிலேயே ஆர்எஃப்சி 3227 என்ற ஆவணமாக வெளிவந்துவிட்டது. ஆதாரம் எடுத்து முடிக்கும்வரை கணினியை அணைக்காதே, அந்தக் கணினியில் இருக்கும் புரோகிராம்களை நம்பாதே என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரு விலக்கு உண்டு. ரான்சம்வேர் இந்த நிமிடமே கோப்புகளைப் பூட்டிக்கொண்டிருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் அதை அப்படியே சஸ்பெண்ட் செய்யலாம், நினைவகமும் தப்பும். மற்ற நேரங்களில் கணினியைச் சுவிட்சிலோ ஃபயர்வாலிலோ தனிமைப்படுத்துங்கள், அது ஓடட்டும்.

இனி கருவிக்கு வருகிறேன். "எந்த டூல் சார் பெஸ்ட்?" என்று கேட்பவர்களிடம், உன் சர்வர் எங்கே குடியிருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். விஎம்வேரிலோ கேவிஎம்மிலோ ஓடும் மெய்நிகர் சர்வர் என்றால் வெளியே ஹைப்பர்வைசரிலிருந்தே மெமரியைப் பிரதி எடுத்துவிடலாம். உள்ளே எதையும் இயக்க வேண்டாம், புகுந்தவருக்கும் தெரியாது. கெர்னலுக்குள் உட்கார்ந்த ரூட்கிட் தன் கெர்னலில் ஓடும் எந்தக் கருவியிடமும் பொய் சொல்ல முடியும். வெளியிலிருந்து எடுப்பவரிடம் அது செல்லாது. இந்த வாய்ப்பு இருந்தால் வேறு எதையும் நான் யோசிக்க மாட்டேன்.

நேரடி வன்பொருளில் ஓடும் லினக்ஸ் என்றால், நினைவகத்தைப் பிரதி எடுக்க லைம் ஒரு வழி. அது கெர்னல் மாட்யூல். அந்த சர்வரில் ஓடும் அதே கெர்னல் பதிப்புக்குக் கம்பைல் செய்திருக்க வேண்டும். அதைப் பாதிக்கப்பட்ட சர்வரிலேயே உட்கார்ந்து கம்பைல் செய்கிறவர்கள் உண்டு. கம்பைலர் ஓடும் ஒவ்வொரு நொடியும் நீங்கள் தேடும் நினைவகப் பகுதிகள்மேல் புதியது எழுதப்படுகிறது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. அதே கெர்னல் உள்ள வேறொரு கணினியில் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டிய வேலை அது. மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஏவிஎம்எல் ஒற்றைக் கோப்பு, கம்பைல் செய்யத் தேவையில்லை. ஆனால் செக்யூர் பூட்டோடு கெர்னல் லாக்டவுனும் இயங்கும் சர்வரில் அது நினைவகத்தை எட்ட முடியாமல் போகலாம். கையொப்பம் இல்லாத லைமையும் அங்கே ஏற்ற முடியாது. இதெல்லாம் அமைதியான ஒரு நாளில் தெரிந்துகொள்ள வேண்டியவை. எந்தக் கருவியானாலும் பிரதியை அதே சர்வரின் டிஸ்கில் எழுதாதீர்கள். வெளி டிஸ்கிலோ நெட்வொர்க் வழியாக வேறு கணினியிலோ எழுதுங்கள்.

எடுத்ததைப் படிப்பதற்கு வொலட்டிலிட்டி. 2007-இலிருந்து வளர்ந்துவரும் இலவசக் கருவி; இன்று மூன்றாம் பதிப்பைக் கற்றுக்கொள்ளுங்கள். கூகுளின் ஆதரவோடு இருந்த ரீகால் தன் காலத்தில் நல்ல கருவி, 2020-இல் நிறுத்திவிட்டார்கள். பழைய பாடங்களைப் பார்த்து இன்னும் அதை நிறுவ முயல்கிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். பராமரிக்க ஆள் இல்லாத கருவிக்குப் புதிய கெர்னல்கள் புரியாது.

ஒன்றை மிக அழுத்திச் சொல்வேன். லினக்ஸ் நினைவகத்தைப் படிக்க வொலட்டிலிட்டிக்கு அந்தக் குறிப்பிட்ட கெர்னலின் சிம்பல் கோப்பு வேண்டும். அதை டீபக் விவரங்கள் அடங்கிய கெர்னல் பேக்கேஜிலிருந்து உருவாக்க வேண்டும். சம்பவ நாளில் பழைய கெர்னலின் பேக்கேஜ் கிடைக்காமல் போனால், கையில் முழு மெமரியும் இருந்தும் ஒரு வரி படிக்க முடியாது. ஆகவே கெர்னலை மேம்படுத்தும் அன்றைக்கே சிம்பல் கோப்பையும் உருவாக்கி, லைம் மாட்யூலோடு சேர்த்து வேறோர் இடத்தில் வையுங்கள்.

நல்ல நாளில் உங்கள் சர்வரின் நினைவகத்தைப் பிரதி எடுத்துப் படித்தும் பாருங்கள். ப்ராசஸ் பட்டியலை வொலட்டிலிட்டி இரண்டு விதமாகத் தரும்: கெர்னல் வைத்திருக்கும் வரிசையைத் தொடர்ந்து போய் ஒன்று, நினைவகம் முழுக்கத் துழாவி இன்னொன்று. ஒளிந்திருப்பவன் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் அகப்படுவான். முடிந்துபோன ப்ராசஸ்களின் மிச்சமும் அங்கேதான் தெரியும். ஆனால் 64 ஜிபி நினைவகத்தைப் பிரதி எடுக்கும் நேரம் முழுக்க சர்வர் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் வெவ்வேறு நேரத்தவை. பொருந்தாததெல்லாம் ரூட்கிட் ஆகாது. இப்படிப் பிரித்தறியும் திறன் விலை கொடுத்து வாங்கும் மென்பொருளோடு வருவதில்லை. ஆரோக்கியமான சர்வரைப் பலமுறை படித்தவருக்குத்தான் நோய் கண்ணில் படும்.

சட்டமும் பொறுமையைத்தான் கேட்கிறது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. சுத்தம் செய்து முடிக்கச் சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹேஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். எனவே பிரதி எடுத்து முடித்த கையோடு ஷா-256 ஹேஷைக் கணக்கிட்டு, எந்தக் கட்டளையை யார் எத்தனை மணிக்குத் தட்டினார் என்பதையும் காகிதத்தில் எழுதிவிடுங்கள்.

அந்தப் பிரதிக்குள் உங்கள் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகளும், சொந்த விவரங்களும், உங்கள் நிறுவனத்தின் ரகசியச் சாவிகளும் பூட்டப்படாமலே இருக்கும். முழுப் பிரதியை எந்த ஆன்லைன் சோதனைத் தளத்திலும் ஏற்றாதீர்கள், உதவி கேட்டு நண்பருக்கு அனுப்பாதீர்கள். குறியாக்கம் செய்து, யார் யார் திறந்தார்கள் என்ற பதிவேட்டோடு வையுங்கள். விசாரணை முடிந்ததும், சட்டப்படி வைத்திருக்க வேண்டிய காலமும் கடந்ததும், பொறுப்பாளரின் கையெழுத்தோடு அதை அழித்துவிடுங்கள்.