போர் விளையாட்டும் விடுபட்ட கணக்கும்

மக்கள் தம் ஓய்வுப் பொழுதைக் கழித்தற்கு வகுத்துக்கொண்ட விளையாட்டுக்கள் எண்ணிறந்தன. அவற்றுள் போரைப் போன்று நடித்துக்காட்டும் விளையாட்டுக்கு என்றும் ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைச் சேனையைக் கட்டங்களில் நிறுத்தி ஆடும் சதுரங்கத்தை அறியாதார் யார்? தோட்டத்து லயத்து வாயிலிலே கரித்துண்டால் கோடு கிழித்து, மூன்று புலியும் பதினைந்து ஆடும் வைத்து நாம் ஆடிய ஆடுபுலி ஆட்டமும் ஒருவகைப் போரே அன்றோ? வல்லார் சிலரும் மெலியார் பலரும் ஒரே களத்தில் எதிர்ப்பட்டால் யாது நிகழும் என்பதை அச்சிறு கோடுகளே நமக்கு முதன்முதலிற் கற்பித்தன.

இக்காலத்தில் அவ்விளையாட்டு கணினித் திரைக்கு ஏறிவிட்டது. கணினிப் போர் விளையாட்டு என்றவுடனே, ஓடிக்கொண்டே சுடுவதும், நூறு குண்டு பட்டும் சாயாத வீரனும், காதைப் பிளக்கும் இரைச்சலுமே பலர் நினைவிற்கு வரும். அவற்றைப் பற்றி யான் இங்கு எழுதப் புகவில்லை. போரின் உண்மை இயல்பை இயன்றவரை அவ்வாறே காட்ட முயலும் ஆட்டங்கள் வேறு உள. அவற்றில் ஒரு குண்டே ஆளை வீழ்த்திவிடும்; சுமை மிகுந்தால் சிப்பாய் இளைப்பான்; எண்ணெய் தீர்ந்தால் டாங்கி நின்றுவிடும்; அரிசி வராத சேனை சில நாளில் பயனற்றுப் போகும். பல்லாண்டுகளாக யான் அத்தகைய ஆட்டங்களை ஆடிவருகிறேன். அவற்றால் எய்திய பயனையும், அவற்றினிடத்துக் கண்ட பெருங்குறை ஒன்றையும் அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாட்டம் வீண் வேடிக்கையாகப் பிறந்ததன்று. பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பார், தம் தந்தையார் தொடங்கிவைத்த முறையொன்றைத் திருத்தியமைத்து, 1824-ஆம் ஆண்டில் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். எண்ணாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்த நிலப்படத்தின்மேல் சிறு கட்டைகள் படைப்பிரிவுகளாக வைக்கப்படும். இரு கட்சியாரும் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பர். நடுவர் பகடை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, இன்னார்க்கு இவ்வளவு இழப்பு என்று அறிவிப்பார். பிரஷ்யப் படை இதனைத் தன் அதிகாரிகளுக்குரிய பயிற்சியாகவே ஏற்றுக்கொண்டது. பின்னர் ஏனைய வல்லரசுகளும் அம்முறையைக் கைக்கொண்டன.

இம்முறையின் பெருமையும் சிறுமையும் ஒருங்கே விளங்குதற்கு ஒரு நிகழ்ச்சி கூறுவேன். 1942-ஆம் ஆண்டு மே மாதத்தில், மிட்வே தீவைத் தாக்கக் கருதிய ஜப்பானியக் கடற்படைத் தலைவர்கள் ‘யமாத்தோ’ என்னும் போர்க்கப்பலில் அமர்ந்து படத்தின்மேல் ஒத்திகை பார்த்தனர். அவ்வொத்திகையில் அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளில் ஒன்பது ஜப்பானியக் கப்பல்கள் மீது பட்டன என்றும், ‘அகாகி’, ‘காகா’ என்னும் இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின என்றும் பகடையும் அட்டவணையும் தீர்ப்பளித்தன. ஆனால் நடுவராக இருந்த அட்மிரல் உகாகி, ஒன்பதை மூன்றாகக் குறைத்து, மூழ்கிய கப்பலையும் பின்னர் மிதக்கவிட்டார் என்று ஜப்பானிய அதிகாரிகளே போருக்குப்பின் எழுதியுள்ளனர். அடுத்த மாதத்தில் உண்மைப் போர் மூண்டது. அகாகியும் காகாவும் மட்டுமன்றி, மேலும் இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் கடலுக்கு இரையாயின. எண்ண விரும்பாததை எண்ணாது விட்டால், அது இல்லாமற் போய்விடுமா?

இன்று நடுவரின் ஆசனத்தில் கணினி அமர்ந்திருக்கிறது. அது முகத்தாட்சணியம் அறியாது; பதவிக்கு அஞ்சாது. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காம்பட் மிஷன்’ என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இரு கட்சியாரும் அடுத்த ஒரு நிமிடத்துக்குரிய கட்டளைகளை முன்னரே கொடுத்துவிட வேண்டும். பின்னர் அவ்வறுபது விநாடியும் இருவர் கட்டளைகளும் ஒருங்கே நிறைவேறும். இடையிற் புகுந்து தடுக்க எவராலும் இயலாது. வேலியோரம் செல்லுமாறு யான் அனுப்பிய பன்னிருவர் எதிரியின் பீரங்கிக்கு நேரே நடந்து செல்வதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டும். கட்டளையிடுவோன் ஒருவன், அதன் பயனைத் துய்ப்போன் மற்றொருவன் என்னும் உண்மையை இதனினும் தெளிவாக உணர்த்தும் பாடம் வேறொன்றை யான் அறியேன்.

செக் நாட்டு நிறுவனமொன்று 2013-இல் வெளியிட்ட ‘ஆர்மா 3’ என்னும் ஆட்டமோ இன்னும் விரிவானது. கிரேக்க நாட்டு லெம்னோஸ் தீவை ஒட்டி அமைத்த, ஏறத்தாழ 270 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு தீவே அதன் களம். பற்பல ஊர்களிலிருந்து பல பேர் ஒரே வேளையில் அதனுட் புகுந்து, வானொலியில் பேசி, தலைவனுக்குக் கீழ்ப்படிந்து ஆடுவர். இரண்டு மணி நேரம் நடந்து, ஒரே ஒரு வேட்டுச் சத்தத்தோடு ஆட்டம் முடிந்துபோவதும் உண்டு. 2022-இல் உக்ரைனில் பெரும்போர் மூண்டபின், இவ்வாட்டத்தின் காட்சிகளை மெய்யான போர்ப் படங்கள் என்று பலர் பரப்ப, அந்நிறுவனமே அறிக்கை விடுத்து மறுக்க நேர்ந்தது. அவ்வளவுக்கு அது போரைப் போன்றிருக்கிறது.

இவற்றால் இளைஞர் கெட்டுப்போவர் என்று கூறும் பெரியோர் உளர். என் அனுபவம் வேறு. சினிமாவில் கண்ட வீரம் பொய்யென்பதை இவ்வாட்டங்களே எனக்கு உணர்த்தின. ஒருவனது மார்தட்டலினும் ஒரு மூட்டை அரிசியும் ஒரு பீப்பாய் எண்ணெயும் போரில் பெரிது என்பதையும், வெற்றி பெற்ற பிரிவும் பாதியாகவே திரும்பும் என்பதையும் இவற்றால் அறிந்தேன். போரைப் புகழ்ந்து மேடையிற் பேசுவோரை, ஒரு மாலை இவ்வாட்டத்தின்முன் உட்கார வைத்தால் நலம் என்று பலகால் எண்ணியதுண்டு.

இனிக் குறையைக் கூறுவேன்.

பசிபிக் போர் முழுவதையும் நாளுக்கு நாளாக நடத்திக்காட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. கேரி கிரிக்ஸ்பி என்பார் பெயரால் வழங்கும் ‘வார் இன் த பசிபிக்’ என்னும் அதன் விரிந்த பதிப்பு 2009-இல் வந்தது. 1941 டிசம்பரில் தொடங்கி 1946 மார்ச்சு வரையில், ஒரு நாளுக்கு ஒரு முறையாக ஆயிரத்தைந்நூறு முறைக்குமேல் அதில் ஆட வேண்டும். ஈப்போவிலுள்ள ஆசிரிய நண்பர் ஒருவரும் யானும் மின்னஞ்சல் வழியே அதனை ஆடினோம். அவர் ஜப்பானியர் கட்சி, யான் பிரிட்டிஷார் கட்சி. நம் மலாயாவும் அப்படத்தில் இருக்கிறது. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கியதும், 10-இல் குவாந்தானுக்கு அப்பால் இரு பெரும் போர்க்கப்பல்கள் மூழ்கியதும், 1942 ஜனவரி 7-இல் சிலிம் ரிவரில் பதினோராவது இந்தியப் படைப்பிரிவு டாங்கிகளால் சிதறுண்டதும், பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்ததுமாகிய அவ்வெழுபது நாட்களையும் நாம் மீண்டும் நடத்திப் பார்க்கலாம்.

அவ்வாட்டத்தின் நுணுக்கம் வியத்தற்குரியது. ஒவ்வொரு கப்பலும் தன் பெயரோடிருக்கும். ஒவ்வொரு விமானியும் தன் பெயரோடும் தேர்ச்சியோடும் பதிவாகியிருப்பான். அவன் இறந்தால் அதுவும் பதிவாகும். எண்ணெய் எவ்வளவு, பண்டம் எவ்வளவு, எந்தத் துறைமுகத்தில் எத்தனை டன் என்பதெல்லாம் கணக்கிலிருக்கும்.

யான் பேராக் மாநிலத்துக் கித்தாத் தோட்டமொன்றிற் பிறந்தவன். சிலிம் ரிவர் எங்கள் தோட்டத்துக்கு நாலு கட்டைத் தொலைவு. ஜப்பானியர் வந்தபோது என் அன்னையாருக்கு வயது ஒன்பது. அவ்விரவு லயத்து மக்கள் அனைவரும் பால் மரங்களுக்கிடையிலிருந்த கால்வாயிற் படுத்துக்கிடந்ததையும், பின்னர் அரிசியின்றி மரவள்ளிக் கிழங்கே உணவானதையும், 1943-இல் மூன்று மாத வேலை என்று சொல்லித் தம் தந்தையாரைச் சயாமுக்கு ஏற்றிச் சென்றதையும், அவர் திரும்பாததையும் அன்னையார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். யான் இவ்வாட்டத்தை ஆடிய காலத்தில் அவர் உயிரோடிருந்தார். ஒருநாள் என் நாற்காலிக்குப் பின் நின்று திரையை நோக்கியவர், “இதில் நமது லயம் எங்கே இருக்கிறது, தம்பி?” என்று கேட்டார்.

படத்தின் ஒரு கட்டம் ஏறத்தாழ நாற்பது கடல் மைல் அகலமுடையது. எங்கள் தோட்டமும், அதைச் சூழ்ந்த தோட்டங்கள் அனைத்தும் ஒரே கட்டத்துள் அடங்கிவிடும். யான் அதனைச் சுட்டிக் காட்டினேன்.

“ஆள்கள் எவரையும் காணோமே” என்றார்.

“படைகளை மட்டுந்தான் காட்டுவார்கள், அம்மா” என்றேன். அவர் வேறொன்றும் கேளாது அடுக்களைக்குச் சென்றார்.

அன்று முதல் அவ்வாட்டத்தை யான் வேறு கண்ணால் நோக்கலானேன். பினாங்கை விட்டுப் படையைப் பின்வாங்கச் செய்தால் எனக்கு இழப்பு ஒரு துறைமுகமும் சில புள்ளிகளுமே. அங்கே விடப்பட்ட மக்கட்காக ஒரு புள்ளியும் குறையாது. வரலாற்றில் நிகழ்ந்ததோ வேறு. 1941 டிசம்பரில் ஐரோப்பியரை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுபோய், ஏனைய மக்களைக் குண்டுமழையின்கீழ் விட்டுச் சென்றனர். அப்போது பத்திரிகாசிரியராயிருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து என்பாரே பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றி, பட்டணத்தில் படை எதுவுமில்லை என்று வானொலியில் அறிவித்து, மேலும் குண்டு விழாமற் காக்க முயன்றார். இச்செயலுக்கு அப்படத்தில் இடம் எங்கே? ஆடுபுலி ஆட்டத்திலே ஆட்டுக்கும் காய் உண்டு; இங்கோ புலிகள் மட்டுமே களத்தில் இருக்கின்றன.

“விளையாட்டுத்தானே, இதற்கு இத்துணை வழக்கு எதற்கு?” என்று சிலர் வினவலாம். இவ்வாட்டங்கள் விளையாட்டாக மட்டும் நின்றுவிடவில்லை என்பதே என் விடை. ஆர்மாவைச் செய்தோரின் தொழில்நுட்பத்தினின்று பிறந்த ‘வி.பி.எஸ்.’ என்னும் கருவியால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் படைகள் பயிற்சி பெற்றுவந்துள்ளன. திரையில் வெறுங்கட்டமாகக் கண்டு பழகிய இடத்தை, நேரில் கண்டபோது மக்கள் வாழும் ஊராகக் காண்பது எளிதன்று. எதனை எண்ணப் பழகுகிறோமோ, அதனையே காண்போம்.

மக்களைக் கணக்கிற் சேர்ப்பது இயலாத செயலுமன்று. 2014-இல் போலந்து நாட்டார் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்னும் ஆட்டத்தில் சிப்பாயாக ஆட முடியாது. முற்றுகையிடப்பட்ட நகரில் உணவும் மருந்தும் தேடி அலையும் குடிமக்களாகவே ஆட வேண்டும். சராயெவோ முற்றுகையை நினைந்து செய்தது அது. 2020-இல் போலந்து அரசாங்கம் அதனைப் பள்ளி மாணவர்க்குரிய நூற்பட்டியலிற் சேர்க்கப்போவதாக அறிவித்தது. ஆர்மாவைச் செய்தோரும் 2017-இல் செஞ்சிலுவைச் சங்கத்தாரோடு கூடி, போர்ச் சட்டங்களைப் பற்றிய புதுப் பகுதி ஒன்றை வெளியிட்டனர். அதில் ஆடுவோன் போர் முடிந்த ஒரு கிராமத்தில் வெடிகளை அகற்றும் தொண்டன். அவ்வூருக்கு யார் யார் என்ன செய்தனர் என்பதை அவன் சிறிது சிறிதாக அறிவான். ஆகவே குறை கணினியினுடையதன்று. கணக்கெடுப்போர் மனம் வைத்தால் அது எண்ணும்.

ஆனால், தோழர்களே, நாளையே ஓர் இளைஞன் மலாயாப் போரை ஆட்டமாக அமைக்கப் புகுந்து, “தோட்டத்து மக்களையும் சேர்க்கிறேன், கணக்கைக் கொடுங்கள்” என்று நம்மைக் கேட்டால், நாம் எதனைக் கொடுப்போம்? 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் இரயில் பாதையில் மாண்ட வெள்ளைக்காரக் கைதிகள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர். காஞ்சனபுரியில் ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது. அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் அவர்களைப் போல் பன்மடங்கினர். அவர்களுள் நம் தோட்டத் தமிழர் பல்லாயிரவர். எத்தனை ஆயிரம் என்றால், எழுதியோர் ஆளுக்கொரு எண் கூறுகின்றனர். காரணம் யாது? அவர்கள் பெயரை எழுதிவைப்பாரில்லை. படை தன் ஆட்களை எண்ணிற்று. துரைமார் மரங்களை எண்ணினர். கூலிகளை எண்ண யாருக்கும் மனமில்லை. பிறர் எண்ணவில்லை என்று எண்பது ஆண்டுகளாக நாமும் எண்ணாதிருந்தோம்.

போர்க்காலத்தில் பத்து வயதினராயிருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். அவர்களுள் எஞ்சியோர் சிலரே. ஆதலின் மாலைதோறும் திரையின்முன் அமரும் நம் இளைஞருக்கு யான் சொல்வது, அதனை விட்டெழுங்கள் என்பதன்று. ஆர்மாவிலும் காம்பட் மிஷனிலும் புதுக் களங்களை நாமே அமைத்தற்குரிய வசதி இருக்கிறது, அதனைக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குமுன் உங்கள் வீட்டு முதியவரிடம் சென்று, எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த ஆண்டில், எத்தனை பேர் சயாமுக்குப் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கேளுங்கள். பெயர் தெரிந்தால் பெயரை எழுதுங்கள். பெயர் மறந்திருந்தால், இன்னார் மகன், இன்னார் கணவன், இந்தக் கங்காணியின் ஆள் என்றாவது எழுதுங்கள். அவ்வேட்டை ஊர் நூல்நிலையத்தில் ஒரு படியும், உங்கள் வீட்டில் ஒரு படியுமாக வையுங்கள். அதனைக் கொண்டு எவரேனும் ஆட்டம் அமைத்தாலும் சரி, அமைக்காவிடினும் சரி, கணக்கு நம் கையில் இருக்கட்டும்.