ஆனைமேல் துஞ்சியவர்

போரில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனைப் பாடுவது பரணி என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறோம். சென்ற பருவத்தில் கடைசி வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "அவ்வளவு உயரத்தில் தலைவன் அமர்ந்தால் பகைவன் கண்ணுக்கும் அவன்தானே ஐயா முதலில் தெரிவான்?" என்றார். நம்மிடம் விடை இல்லை.

அன்றிரவு தக்கோலப் போரைப் பற்றி மீண்டும் படித்தோம். 949இல் முதற் பராந்தகனின் மகன் இராசாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனை எதிர்த்து யானைமீதிருந்து பொருதான். தலைவன் கண்ணில் படும்வரை படை கலையாது. யானையைப் போர்க்களத்தில் ஏறியதன் பயன் அது. ஆனால் படைக்கு அடையாளமான அவ்வுயரமே பகைவர்க்கு இலக்காயிற்று. கங்க மன்னன் பூதுகன் அவனை யானைமேலேயே கொன்றான்; சோழர் படை சிதறிற்று. தொண்டைமண்டலம் கைநழுவிற்று. ஆதகூர்க் கல்வெட்டு இதைச் சொல்கிறது. அக்கல்லோ, காட்டுப்பன்றியோடு பொருது மாய்ந்த காளி என்னும் வேட்டைநாய்க்கு எடுத்த நடுகல்!

தமிழ்க் கல்வெட்டு வழக்கு இராசாதித்தனை 'ஆனைமேல் துஞ்சியவர்' என்கிறது. துஞ்சுதல் உறங்குதலையும் குறிக்கும், இறத்தலையும் குறிக்கும். 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' என்று எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். அச்சொல் ஒரு தோல்வியின்மேல் போர்த்திய போர்வையாகவும் இருக்கக்கூடும் என்பது அதுவரை நமக்கு உறைக்கவில்லை.

மறுநாள் அம்மாணவரிடம் அவர் கேட்டது சரியே என்றோம். இனிப் பரணியைத் தக்கோலத்தோடு சேர்த்தே நடத்துவதாக எண்ணம்.