கணக்குப்பிள்ளையிடம் கேட்கவில்லை

சில ஆண்டுகளுக்கு முன், மளிகை மொத்த வியாபாரி ஒருவருக்காக நாங்கள் கைபேசிச் செயலி ஒன்றை உருவாக்கிக் கொடுத்தோம். சில்லறைக் கடைக்காரர்கள் சரக்குப் பட்டியலைப் பார்த்து, வேண்டியதை அதிலேயே பதியலாம். நான்கு மாத உழைப்பு. சில வாரங்களிலேயே எவரும் அதைத் தொடவில்லை. பழியைக் கடைக்காரர்களின் அறியாமைமேல் சுமத்திவிட்டு நாங்களும் சிறிது காலம் அமைதியாகவே இருந்தோம்.

பின்னர்தான் வடிவமைப்புச் சிந்தனை பற்றிப் படிக்க நேர்ந்தது. பயன்படுத்துவோரைக் கவனித்தல், சிக்கலை வரையறுத்தல், எளிய மாதிரியைச் செய்து சோதித்தல், திருத்துதல் என அதன் படிகளைச் சொல்வர். படிகளைவிட எங்களைப் பிடித்து நிறுத்தியது கென்யாவின் எம்-பெசா வரலாறு. 2005இல் வோடஃபோனும் சஃபாரிகாமும் அதை வெள்ளோட்டம் விட்டபோது, நுண்கடன் தவணையைக் கைபேசி வழியே செலுத்தச் செய்வதே நோக்கம். மக்களோ அதைக்கொண்டு ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தொடங்கினர். வடிவமைத்தவர்கள் அதைப் பிழையான பயன்பாடு என்று தள்ளவில்லை. 2007 மார்ச்சில் சேவை அறிமுகமானபோது, வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள் என்பதே அதன் அழைப்பாயிற்று. குடும்பத்தை ஊரில் விட்டு நகரத்தில் உழைப்பவரின் தேவை, தொழிலின் மையமாயிற்று.

வெட்கத்துடன் மீண்டும் அந்த மண்டிக்குச் சென்று ஒரு முழுநாள் உட்கார்ந்திருந்தோம். "போன வாரம் மாதிரியே போட்டுடுங்கண்ணே." தொலைபேசியில் வந்தவற்றுள் பெரும்பாலானவை இவ்வளவே. எந்தக் கடைக்கு என்ன போயிற்று, எந்த ஊரில் திருவிழா, எவருக்கு வெல்லம் கூடுதலாக வேண்டும் என்பதெல்லாம் கணக்குப்பிள்ளையின் நினைவில் இருந்தன. முதலாளியிடம் பலமுறை பேசிய நாங்கள், அவரிடம் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

"இது வந்தா என்னை அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன், தம்பி" என்றார். செயலி வேண்டாமென்று கடைக்காரர்களிடம் சொல்லிவந்தவர் அவரே.

இரண்டாம் முறை அவருக்காகவே எழுதினோம். அழைப்பு வந்ததும் அந்தக் கடையின் சென்ற வாரப் பட்டியல் திரையில் தோன்றும். மாறியதை மட்டும் அவர் திருத்துவார். புதுமை என்று சொல்லிக்கொள்ள அதில் ஏதுமில்லை. ஆனால் அவர் அதைப் பயன்படுத்தினார்.

ஆயினும் ஒன்று உறுத்துகிறது. அவர் நினைவில் இருந்ததையெல்லாம் வாரந்தோறும் திரைக்கு மாற்றும் வழியைச் செய்து கொடுத்த நாங்கள், அவர் அஞ்சியதையே சற்றுத் தாமதமாகச் செய்துவிட்டோமா? நாங்கள் படித்த படிகளுள் இக்கேள்விக்கு இடமில்லை. அடுத்த வேலையைத் தொடங்குமுன் அதற்கு நாங்களே இடம் ஒதுக்கியாக வேண்டும்.