மீட்டர் பேசாத நேரம்

ஆம்பூர், திங்கள்

டேனரியின் கழிவுநீர் மீட்டரை நிமிடத்துக்கு ஒருமுறை படிக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். கடைசியில் '&' போட்டுப் பின்னணியில் ஓடவிட்டு, டேனரிக் கணினியோடு இணைத்திருந்த லேப்டாப்பை மூடினேன். இணைப்பு அறுந்ததும் ஸ்கிரிப்டும் நின்றுவிட்டது. முன்னால் 'நோஹப்' சேர்த்தேன்.

செவ்வாய்

ஸ்கிரிப்ட் ஓடுகிறது, மூன்று மணி நேரமாக லாக் ஃபைல் காலி. காரணம் தேடியதில் மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. திரைக்கு என்றால் பைத்தான் வரிக்கு வரி உடனே காட்டும். ஃபைலுக்கு என்றால், எங்களிடம் இருக்கும் பதிப்பில், 8192 பைட் சேரும்வரை நினைவகத்தில் வைத்திருந்து மொத்தமாக இறக்கும். என் வரி ஒன்றுக்கு 40 பைட். 200 வரிக்கு மேல் சேர வேண்டும். அதாவது ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். இடையில் கரண்ட் போனால் அத்தனையும் போச்சு. 'மைனஸ் யூ' சேர்த்த பிறகு வரிகள் உடனுக்குடன் விழுகின்றன.

வியாழன்

கரண்ட் வந்ததும் தானே எழும்பட்டும் என்று நேற்று க்ரானுக்கு மாற்றினேன். இரவு 2:10க்குப் பிறகு ஃபைலில் ஒன்றுமில்லை. இரவு ஷிப்ட் பாய் தன் நோட்டைக் காட்டினார்.

"பம்பு விடிய விடிய ஓடுச்சு தம்பி. மீட்டர்தான் ரெண்டு மணிக்கு மேல செத்துக் கெடந்துச்சு. எழுதி வச்சிருக்கேன் பாரு."

எண் வர வேண்டிய கட்டத்தில் காரணம் எழுதியிருந்தார். என் ஸ்கிரிப்டும் சாகும்போது காரணம் சொல்லியிருக்கும். ஆனால் '>>' ஃபைலுக்குத் திருப்பியது சாதாரண வெளியீட்டை மட்டும். பிழைச் செய்தியின் வழி வேறு. க்ரான் அதை மெயிலில் அனுப்பப் பார்க்கும். எங்கள் கணினியில் மெயில் வசதியே இல்லை.

வெள்ளி

'2>&1' சேர்த்தேன். முதலில் '>>'க்கு முன்னால் போட்டுவிட்டேன், பலிக்கவில்லை. ஷெல் இடமிருந்து வலமாகப் படிப்பதால் அது ஃபைல் பெயருக்குப் பின்னால்தான் வர வேண்டும். மீட்டர் பேசாவிட்டால் நேரத்தோடு 'பதிலில்லை' என்று எழுதி, அடுத்த நிமிடம் மறுபடி கேட்கும்படியும் மாற்றினேன்.

இதற்கு இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். பாலாற்றுக் கரை டேனரிகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தன் செயலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்கிறது அது. காரணம் சொல்லாத வெற்றிடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் எதை நிரூபிப்பது?

சனி

இரவில் நான்கு 'பதிலில்லை'. பாய் நோட்டிலும் நான்கு நிமிடம். அவர் நேரம் மட்டும் ஐந்து நிமிடம் பிந்தியிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்தோம்.