பெரட்டில் வாசிக்காத பெயர்

ஏப்ரல் 23, காஞ்சனபுரி

பாங்காக்கிலிருந்து வேனில் வந்து இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சொங்க்ரான் முடிந்து ஒரு வாரமாகியும் கடை வாசல்களில் தண்ணீர்த் துப்பாக்கிகள் தொங்குகின்றன. அப்பா வழிநெடுக வாய் திறக்கவில்லை. ஊர்ப் பலகையைக் கண்டதும், "பேரு நம்ம கோயில் ஊரு மாதிரியில்ல இருக்கு" என்றார், அவ்வளவுதான்.

விடுதி வாசலில் ஒற்றைத் தூணின்மேல் குட்டி வீடு, நிலத்துக் காவல் தெய்வத்துக்கு. எதிரில் உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு ஃபாண்டா. நம் முனியாண்டிக்குச் சுருட்டு, இங்கே ஃபாண்டா. ராணுவக் கல்லறையில் பேய் நடமாடுமாமே என்று விடுதிக்கார அம்மாளிடம் கேட்டேன். சிரித்தாள். அவர்களுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள், பூச்செடி வைத்திருக்கிறார்கள், ஏன் எழுந்து வரப்போகிறார்கள் என்றாள். துர்மரணம் அடைந்த ஆவிக்கு இங்கே 'பீ தாய் ஹோங்' என்று பெயர். அதெல்லாம் காட்டுப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டி இருக்குமாம். 1990-ல் இந்த ஊர்க் கரும்புக் கொல்லை ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அந்தப் பேச்சை எடுத்ததும் அவள் உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 24

காலை எட்டுக்கே தகிக்கிறது. கல்லறை ஊர் நடுவில், ரயில் நிலையத்துக்குக் கிட்டத்திலேயே. கோல்ஃப் மைதானம் போலப் புல். முழங்காலுக்கும் தாழ்வான மேடைகளில் வெண்கலத் தகடுகள், வரிசை பிசகாமல். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் கிட்டத்தட்ட 7,000 பேர். வயதைப் படித்துக்கொண்டே போனேன்: 22, 24, 23. காலராவில் செத்து ஒன்றாய் எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் இரண்டே குழிகளில் இருக்கிறது. அவர்களுக்கும் பெயர்கள் உண்டு. நுழைவு மண்டபத்தில் இந்திய ராணுவத்தார் 11 பேரின் பெயர்கள். தாய்லாந்தின் முஸ்லிம் மையவாடிகளில் அடக்கமானவர்கள் அவர்கள்.

அப்பா அந்தப் பதினோரு பெயரையும் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தார். அவர் தேடும் பெயர் அதில் இராது என்று அவருக்கும் தெரியும்.

எங்கள் சின்னத் தாத்தா, அப்பாவுக்குச் சித்தப்பா, பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில், மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். இந்தக் கைதிகளையும் அவரைப் போன்ற கூலிகளையும் வைத்து பர்மாவுக்குப் போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. சின்னத் தாத்தாவின் முடிவு யாருக்கும் தெரியாது. அப்பா பிறந்ததே 1946-ல். முகம் பார்த்திராத மனிதருக்காக எழுபத்தெட்டு வயதில் விமானம் ஏறியிருக்கிறார்.

போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பரில், கல்லறை தேடும் குழு ஒன்று இந்தப் பாதை நெடுக அலைந்தது. கைதிகள் ஒளித்து எழுதி வைத்திருந்த குறிப்புகள் கையில். 144 இடுகாடுகளில் 10,549 குழிகளை அடையாளம் கண்டார்கள். தப்பிப்போனவை 52. அந்தக் குழு கூலிகளின் குழிகளைத் தேடவில்லை. இறந்த கூலிகள் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஒரு பக்கம் கணக்கில் உதைப்பது 52 குழி, மறு பக்கம் 20,000 உயிர். இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. கல்லறைத் தோட்டக்காரர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த ரோஜாக்கள் அழகு.

ஏப்ரல் 25, மதியம்

இரண்டு மணிக்கே எழுந்து 80 கிலோமீட்டர் போய் ஹெல்ஃபயர் பாஸ். இன்று அன்சாக் நாள், ஆஸ்திரேலியர்கள் போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். 1943-ல் இதே தேதியில்தான் ரயில் பாதைக்காக இந்தப் பாறையை வெட்ட ஆரம்பித்தார்களாம். ஒருவன் உளியைப் பிடிக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க, இரவும் பகலும். தீவட்டி வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாய் ஆட்கள் அசைந்த காட்சிதான் 'நரக நெருப்பு' என்று பெயராயிற்று. தமிழ்க் கூலிகளும் அந்தக் கும்பலில் இருந்தார்கள்.

ராத்திரியில் உளிச்சத்தம் கேட்கும் என்று வேன் ஓட்டுநர் சத்தியம் செய்தார். விடிவதற்கு முன் நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எனக்குக் கேட்டது மூங்கில் உரசும் ஓசைதான். அதுவே போதுமானதாக இருந்தது. பிறகு எக்காளம் ஊதினார்கள், மௌனம். பக்கத்தில் ஒரு ஆஸ்திரேலியக் கிழவி தன் மாமன் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் அப்பா, கேட்காமலே, தோட்டத்து லயத்துக் கதையைச் சொன்னார். சயாமுக்கு, அதாவது இங்கே, போனவன் விடிகாலைப் பெரட்டில், தோட்டத்து ஆள் கணக்கெடுப்பில், கடைசி ஆளாக வந்து நிற்பானாம். கணக்கெழுதும் கிராணி எல்லாப் பெயரையும் வாசித்து ஏட்டை மூடுவார். தன் பெயர் வராத ஒருவன் மட்டும் மரங்களுக்குள் திரும்பிப் போவான். "பாட்டி பாத்தாங்களாப்பா?" என்றேன். "பாத்தேன்னு சொல்லல. ஆனா ராத்திரி யாராச்சும் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, மூணாந்தரம் கூப்பிடுற வரைக்கும் எங்கள வாய் தொறக்க விடமாட்டாங்க. பேய்க்கு ரெண்டு தரத்துக்கு மேல கூப்பிட வராதாம்."

பாட்டி சின்னத் தாத்தாவுக்குத் திதி கொடுத்ததேயில்லை. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறதே என்று யாரோ சொல்லப்போக, "செத்தான்னு யார் வந்து சொன்னா?" என்று சண்டைக்குப் போனாளாம்.

ஏப்ரல் 26

வாட் தாவோர்ன் வராராம். வியட்நாமியர் வழிக் கோயில், போர்க் கல்லறையிலிருந்து நடக்கிற தூரம். ஆங்காங்கே கிடந்த கூலிகளின் எலும்புகளைத் திரட்டி இங்கே புதைத்திருக்கிறார்கள். 2023-ல் தமிழர்களுக்கென்று இங்கே ஒரு நடுகல் நாட்டினார்கள். எண்பது வருஷம் கழித்து. நேற்று ஹெல்ஃபயர் பாஸில் பார்த்த கூட்டத்தில் ஒருவர்கூட இந்தப் பக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அப்பா மடியிலிருந்து திருநீறு எடுத்துக் கல்லுக்குப் பூசினார். வெற்றிலை பாக்கு, ஒரு சுருட்டு. கற்பூரம் ஏற்றலாமா என்று தயங்கினார். பிக்கு ஒருவர் தலையசைத்தார். சுடர் வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை.

அப்புறம், பெரட்டுக் களத்தில் கிராணி கூப்பிடுவதுபோல உரக்க, தகப்பன் பெயரோடு சேர்த்துச் சின்னத் தாத்தாவின் பெயரைச் சொன்னார். சற்று நிறுத்தி இன்னொரு தரம். கூட்டிக்கொண்டிருந்த பெண் விளக்குமாற்றோடு நிமிர்ந்து பார்த்தாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாம் தரமும் கூப்பிட்டார்.

"போலாம்மா, வெயில் ஏறுது" என்றார்.