‘எங்கள்’ வரிப்பணமும் ‘நம்’ வரிப்பணமும்

சென்ற மாதம் தில்லியிலிருந்து ஊருக்குப் புறப்பட்ட தொடர்வண்டியில், எதிர் இருக்கையில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் அமர்ந்திருந்தார். என்ன படிக்கிறேன் என்று வினவினார். மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு, ஐந்தாம் ஆண்டு என்றேன். நாடாளுமன்றத்தின் வரவு செலவுத் திட்ட உரைகளே ஆய்வுப் பொருள் என்றும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “இன்னும் எத்தனை வருஷம்மா எங்க வரிப்பணத்துல படிப்பீங்க?” என்றார். பகையோடு கேட்கவில்லை, சற்று முன்புதான் தம் பையிலிருந்து எனக்கு வாழைப்பழம் கொடுத்திருந்தார். எனினும் நாக்பூர் கடந்த பின்னும் அந்தச் சொல் என்னை விட்டு அகலவில்லை.

‘எங்க’ என்ற சொல்லைத்தான் குறிப்பிடுகிறேன். கேட்பவரையும் உள்ளடக்கும் ‘நாம்’, கேட்பவரை விலக்கும் ‘நாங்கள்’ என்று தமிழ் தன்மைப் பன்மையை இரண்டாகப் பகுக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். முதலாண்டு மாணவருக்குக் கற்பிக்கும் இந்த வேறுபாட்டை நான் வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். அன்றுதான் விலக்கப்பட்டவர் பக்கம் இருந்து அதைக் கேட்டேன்.

என் தந்தை ஆட்டோ ஓட்டுநர். வருமான வரிக் கணக்கு அவர் ஒருநாளும் தாக்கல் செய்ததில்லை. ஆனால் அவர் நிரப்பும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் மத்திய அரசின் கலால் வரி இருக்கிறது. மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரியும் இருக்கிறது. அம்மாவின் கைப்பேசி ரீசார்ஜில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி இருக்கிறது. இவற்றை நாம் ‘மறைமுக வரி’ என்கிறோம். பொருத்தமான பெயர்தான். அங்கே வரி மட்டும் மறைந்திருக்கவில்லை, அதைச் செலுத்துபவரின் முகமும் மறைந்துவிடுகிறது. ‘வரி செலுத்துவோர்’ என்ற தொடர் வருமான வரி கட்டுவோரை மட்டுமே நினைவூட்டும்படி ஆகிவிட்டது.

இந்தக் கேள்வியோடு வாசிக்கும்போது 1957ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் எனக்கு வேறொன்றாகத் தெரிகிறது. அதைத் தாக்கல் செய்தவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, வணிகத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர், சென்னையின் பிரதிநிதி. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் பொதுத்துறைச் செலவு 4,800 கோடி ரூபாய். அதில் 1,200 கோடியைப் பற்றாக்குறை நிதியாக்கத்தின் வழியே திரட்டுவது என்பது திட்டம். அந்த வழி விலைவாசியை உயர்த்தினால், அதுவும் கூலி பெறுவோர் மீது விழும் பெயரில்லாத வரியே. ஆகவே யாரிடம் கேட்பது என்ற வினாவிலிருந்து அவரால் தப்ப முடியவில்லை.

அவர் இரு முனைகளிலும் கேட்டார். வருமான வரி விலக்கு வரம்பை 4,200 ரூபாயிலிருந்து 3,000 ரூபாயாகக் குறைத்தார். நுகர்பொருள்கள் மீதான கலால் வரியை உயர்த்தினார். மறுமுனையில், கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டர் 1956இல் அளித்த அறிக்கையைப் பின்பற்றி, சொத்து வரியையும் செலவு வரியையும் முன்மொழிந்தார். தனிநபரின் நிகரச் சொத்து 2 லட்சம் ரூபாயைத் தாண்டினால் சொத்து வரி. ஈட்டுவதற்கு மட்டுமன்றி, சேர்த்து வைப்பதற்கும் ஆடம்பரமாகச் செலவிடுவதற்கும் வரி உண்டு என்பது அதன் பொருள். தொழிலதிபர்களும் இடதுசாரிகளும் வெவ்வேறு காரணங்களுக்காக அதைச் சாடினார்கள்.

அவரைப் புனிதராக்குவது என் நோக்கமன்று. முந்த்ரா விவகாரத்தில் 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். செலவு வரி 1962இல் கைவிடப்பட்டது. மீண்டும் நிதியமைச்சரான அவரே 1964இல் அதை உயிர்ப்பித்தார். 1966இல் அது மறுபடியும் போயிற்று. சொத்து வரி 2015ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் நீக்கப்பட்டது. அது ஈட்டிய தொகை சிறிது, வசூலிக்கும் செலவு பெரிது என்பது சொல்லப்பட்ட காரணம். 2013-14இல் வசூல் 1,008 கோடி ரூபாய். காரணம் பொய்யன்று. அதற்கு ஈடாக, ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் உடையோர் மீது 2 விழுக்காடு கூடுதல் சர்சார்ஜ் வந்தது. சர்சார்ஜில் மாநிலங்களுக்குப் பங்கில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

மேல்முனையில் போட்ட வரிகள் இப்படி ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. கடைத்தெருவில் வாங்கும் வரி மட்டும் வடிவம் மாறி மாறி நிலைத்தது. பற்றாக்குறை எவ்வளவு என்று ஆண்டுதோறும் விவாதிக்கிறோம். அது எத்தனை விழுக்காடு என்பதைப் போலவே, அதை நிரப்பும் ‘நாம்’ யார் என்பதும் விவாதத்துக்குரியது.

அந்தப் பெரியவரிடம் அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்: “ஐயா, நீங்களும் கட்டுகிறீர்கள், என் அப்பாவும் கட்டுகிறார். எங்க வரிப்பணம் இல்லைங்க, நம்ம வரிப்பணம்.” பொது நிதியில் படிப்பவள் என்ற முறையில் எனக்குப் பொறுப்பு உண்டு, ஆய்வை உரிய காலத்தில் முடிக்கும் கடமையும் உண்டு. ஆனால் அந்தக் கடன் வருமான வரி கட்டுபவருக்கு மட்டும் உரியதன்று. ஊர் நிலையத்தில் இறங்கியதும் அப்பா ஆட்டோவோடு காத்திருந்தார். வழியில் 200 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டார். அவருக்கும்தான் நான் கணக்குச் சொல்ல வேண்டும்.